பாக்டீரியப் புரதம் உலோகத்தைப் பிடிக்கும் இடத்தைக் கணினியில் பார்ப்பது எப்படி?

பாக்டீரியாவின் பல நொதிகளும் எலக்ட்ரான் கடத்தும் புரதங்களும் இரும்பு, தாமிரம், துத்தநாகம் போன்ற உலோக அயனிகள் இன்றி இயங்குவதில்லை. அந்த அயனி புரதத்துக்குள் எப்படிப் பொருந்தியிருக்கிறது என்பதைப் பார்க்க ஓர் இணைய உலாவியே போதும். முதல் பயிற்சிக்கு, சூடோமோனாஸ் ஏருஜினோசா என்னும் பாக்டீரியாவின் அசூரின் ஏற்றது. 128 அமினோ அமிலங்களும் ஒரே ஒரு தாமிர அயனியும் கொண்ட, எலக்ட்ரான் கடத்தும் எளிய புரதம் அது.

படி 1: புரதங்களின் முப்பரிமாணக் கட்டமைப்புகளைச் சேமித்து வைக்கும் புரதத் தரவு வங்கியின் (PDB) தளத்தில் 4-ஏ-இசட்-யூ (4AZU) என்ற குறியீட்டைத் தேடி, முப்பரிமாணக் காட்சியைத் திறக்கவும். ஒரே புரதத்தின் நான்கு பிரதிகள் தெரியும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

படி 2: தாமிரக் கோளத்தைச் சொடுக்கினால் அதைச் சூழ்ந்த அமினோ அமிலங்கள் தெரியும்.

படி 3: தாமிரத்துக்கும் அந்த அமினோ அமிலங்களின் அணுக்களுக்கும் இடையிலான தொலைவுகளை ஆங்ஸ்ட்ராமில் (ஒரு மீட்டரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) அளக்கவும். பயிற்சியின் உயிர்நாடி இதுதான். 46, 117 ஆகிய இடங்களிலுள்ள ஹிஸ்டிடின்களின் நைட்ரஜனும் 112ஆம் சிஸ்டீனின் கந்தகமும் ஏறத்தாழ 2 முதல் 2.3 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் தாமிரத்தை இறுகப் பற்றியிருக்க, 121ஆம் மெத்தியோனினின் கந்தகமும் 45ஆம் கிளைசினின் ஆக்சிஜனும் சுமார் 3 ஆங்ஸ்ட்ராம் தள்ளியே நிற்கின்றன. தாமிரம் எலக்ட்ரானை ஏற்றாலும் இழந்தாலும் இந்த அமைப்பு பெரிதாக மாற வேண்டியதில்லை என்பதால், எலக்ட்ரான் விரைந்து கைமாறுகிறது. அசூரினின் அடர் நீல நிறத்துக்கும் அந்தச் சிஸ்டீன்–தாமிரப் பிணைப்பே காரணம்.

படி 4: திரையில் தெரியும் உலோகம்தான் செல்லுக்குள்ளும் இருந்ததா என்று கேட்டுப் பார்க்கவும். தொடக்கநிலையினர் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் படி இது. அசூரினை ஈ. கோலை பாக்டீரியாவில் மிகுதியாக உற்பத்தி செய்தால், ஒரு பகுதி துத்தநாகத்தை ஏற்று நிறமற்றதாக வெளிவருகிறது. பொதுவாகப் புரதங்களைத் துத்தநாகத்தைவிட வலுவாகப் பற்றுவது தாமிரமே; ஆயினும் செல்லில் எது கைக்கெட்டுகிறதோ அதுவே உள்ளே நுழைகிறது. தாமிரத்தைப் பாக்டீரியா அவ்வளவு கறாராக அடக்கி வைக்கிறது: ஈ. கோலையின் கியூ-ஆர் என்னும் உணர்வுப் புரதம், செல்லுக்கு ஒரு கட்டற்ற தாமிர அயனிகூட இல்லாத செறிவிலேயே விழித்துக்கொண்டு, தாமிரத்தை வெளியேற்றும் காப்-ஏ பம்பின் மரபணுவை இயக்குகிறது.

ஆகவே, புரதம் எந்த உயிரியில் உற்பத்தியானது என்பதைத் தரவுப் பக்கத்தில் பார்த்துவிட்டு, உலோகத்தின் அடையாளம் தனிமப் பகுப்பாய்வாலோ நிறமாலையாலோ உறுதிசெய்யப்பட்டதா என்று மூலக் கட்டுரையில் தேடவும்.

படி 5: துத்தநாகம் ஏறிய அசூரினின் கட்டமைப்பும் அதே வங்கியில் உண்டு. அதே ஐந்து தொலைவுகளை அளந்தால், கிளைசினின் ஆக்சிஜன் உலோகத்தை நெருங்கி வந்திருப்பதையும் மெத்தியோனின் மேலும் விலகியிருப்பதையும் காணலாம்.