வழக்கில் நீங்கள் வெறும் சாட்சி இல்லை

இலங்கையில் அடி வாங்கியவரும் பணத்தைப் பறிகொடுத்தவரும்கூட, பொலிஸ் பார்த்துக்கொள்ளும், கூப்பிட்டால் போய்ச் சாட்சி சொல்வோம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி ஒதுங்காதீர்கள்.

முறைப்பாட்டைத் தமிழிலேயே சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. சிங்களத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்துக் கேட்டால் உடனே போட்டுவிடாமல், என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் விளக்கச் சொல்லுங்கள். விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் நாளைக்குக் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் தூக்கிப் பிடிப்பது இந்த முறைப்பாட்டுக்கும் உங்கள் சாட்சியத்துக்கும் இடையிலுள்ள முரண்பாட்டைத்தான். முறைப்பாட்டு இலக்கம், திகதி, எழுதிய அதிகாரியின் பெயர் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். காயம் இருந்தால் தாமதிக்காமல் அரச ஆஸ்பத்திரிக்குப் போய், எப்படிப் பட்டது என்பதை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம் சட்டத்தரணி. எனக்கு எதற்கு, நான் குற்றவாளியா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 260 ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட தரப்புக்கும் சட்டத்தரணி மூலம் ஆஜராகும் உரிமையைத் தருகிறது. சந்தேகநபரை நீதவான் முன் கொண்டுவரும் முதல் தவணையிலேயே உங்கள் சட்டத்தரணி எழுந்து நிற்க வேண்டும், அன்றைக்குத்தான் பெரும்பாலும் பிணை பேசப்படும். உங்களுக்கு மிரட்டல் வந்திருந்தால் அதை நீதவான் காதில் போடவேண்டிய நேரமும் அதுதான். கையில் காசில்லை என்றால் கொழும்பு புதுக்கடையில் இருக்கும் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள், வருமானம் குறைந்தவர்களுக்கு உதவுவதற்காகவே அது இருக்கிறது.

பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015 இல் வந்த சட்டத்துக்குப் பதிலாக, 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் இப்போது இருக்கிறது. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வாயால் கேட்டால் 'பிறகு வாங்க' என்பார்கள், அதனால் பொறுப்பதிகாரிக்குக் கடிதமாகக் கொடுத்து ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். யாராவது மிரட்டினால் அதுவே தனிக் குற்றம். பாதுகாப்புக் கேட்டு இச்சட்டத்தின் கீழுள்ள தேசிய அதிகாரசபையிடமும் விண்ணப்பிக்கலாம்.

சமாதானமாகப் போகச் சொல்லி நெருக்கினால், சட்டத்தரணியிடம் காட்டாமல் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். குற்றம் நிரூபணமானால் நீதிமன்றம் நட்டஈடு கட்டளையிடலாம், ஆனால் வெறும் பேச்சை வைத்துத் தொகை கேட்க முடியாது, ஆகவே மருந்துச் சிட்டைகளையும் வேலைக்குப் போகாத நாட்களுக்கான சம்பளக் கடிதத்தையும் இன்றைக்கே ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.