காது முன்னே, கண் பின்னே: மலைவீட்டில் பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுத்தருதல்

பேசுவதற்கு மனித மூளை பிறவியிலேயே ஆயத்தமாக இருக்கிறது. வாசிப்பதற்கு அப்படி இல்லை. எழுத்து தோன்றி ஏறத்தாழ 5,000 ஆண்டுகளே ஆகியிருப்பதால் வாசிப்புக்கென்று தனிப்பகுதி எதுவும் மூளையில் உருவாகவில்லை. முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் பகுதிகளில், இடப்பக்கம் பின்புறமுள்ள ஒரு சிறு இடத்தை எழுத்துக்கு ஒதுக்கி, ஏற்கெனவே இயங்கும் பேச்சுப் பகுதிகளோடு அதை இணைப்பதுதான் வாசிக்கக் கற்றல். ஆகவே நீலகிரி மலையில் கோத்தகிரியிலோ கூடலூரிலோ பிள்ளையை முதல் வகுப்பில் சேர்க்கவிருக்கும் வீட்டார், சிலேட்டு வாங்கும் முன்பே காதைக் கவனிக்கத் தொடங்க வேண்டும்.

கருவின் கடைசி மூன்று மாதங்களிலேயே குழந்தை தாயின் குரலைக் கேட்கிறது. ஆறேழு மாதக் குழந்தை எந்த மொழியின் ஒலி வேறுபாட்டையும் பிரித்தறியும். ஒரு வயதை நெருங்கும்போது, சுற்றிலும் கேட்காத ஒலிகளில் அந்தக் கூர்மை மழுங்குகிறது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் இந்தியின் 'ட', 'த' ஒலிகளை 6–8 மாதங்களில் பிரித்தறிந்து, 10–12 மாதங்களில் பெரும்பாலும் இழந்துவிட்டதை 1984-ல் வெளியான ஆய்வு காட்டியது.

எனவே முதல் வேலை பேசுவது, அதுவும் உங்களுக்கு இயல்பாக வரும் மொழியில். பள்ளியில் தமிழ் என்பதற்காகப் படுகர் வீடுகளில் தாய்மொழியை ஒதுக்கத் தேவையில்லை. இரண்டு மொழி கேட்பதால் பிள்ளையின் மூளை குழம்புவதில்லை. படுக மொழியில் நாவை மடித்து ஒலிக்கும் உயிரொலிகள் இருந்ததை மொழியியலாளர் எமனோ 1939-லேயே எழுதினார். இன்று அவற்றில் சிலவே மிஞ்சியிருந்தாலும், அத்தனை நுண்ணிய ஒலிகளைக் கேட்டு வளர்ந்த காது தமிழுக்கு ஒரு சொத்து என்றே கருதுகிறேன். ஆனால் கைபேசிக் காணொளி பேச்சுக்கு ஈடாகாது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் நேரில் பேசியவரிடமிருந்து சீன ஒலிகளைக் கற்றார்கள், அதே பேச்சைத் திரையில் பார்த்தவர்கள் கற்கவில்லை என்று 2003-ல் தெரியவந்தது.

மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுவரை ஒலி விளையாட்டு போதும். தே-யி-லை என்று கைதட்டிப் பிரியுங்கள். கேரட்டில் 'கே'யை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேளுங்கள். மலை, மழை என்று மாற்றி மாற்றிச் சொல்லி, எது நனைக்கும் என்று கேட்டால் பிள்ளை சிரித்துக்கொண்டே ல, ழ இரண்டையும் பிரித்துக்கொள்ளும். மழைக்காலச் சளி செவிப்பறைக்குப் பின்னால் நீராகத் தேங்கினால் சில வாரங்களுக்குக் கேட்கும் திறன் மந்தமாகும். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை அதட்டுவதற்கு முன் காது மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிறகு எழுத்து. 247 எழுத்துகளையும் அட்டவணை வரிசையில் உருப்போடவைப்பது வீண் வேலை. ட, ப, ம, ர என்று நான்கைந்தை எடுத்துக்கொண்டு படம், மரம், பட்டம் என உடனே சொல்லாக்குங்கள். கொம்புதான் உண்மையான சிக்கல்: 'கெ'யில் கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, காதில் முதலில் விழுவதோ 'க்', 'கொ'விலோ குறி இரு பக்கமும் நிற்கிறது. விரலால் முழு எழுத்தையும் ஒரே கட்டாகத் தொட்டுக் காட்டினால் இது பழகும். கடல், தங்கம், பகல் ஆகிய மூன்றிலும் 'க' மூன்று விதமாக ஒலிப்பதற்கு விதி சொல்ல வேண்டாம்; சொல்லை முன்பே கேட்டறிந்த பிள்ளை தானே திருத்திக்கொள்ளும். ஐந்தாறு வயதில் 'ட'வைத் திருப்பிப் போட்டாலும் பதற வேண்டாம். இடமாகத் திரும்பினாலும் வலமாகத் திரும்பினாலும் பசு பசுதான் என்று பழகிய கண்ணுக்கு, எழுத்தில் மட்டும் திசை முக்கியம் என்பது புதுச் செய்தி. கேழ்வரகு மாவில் விரலால் எழுதவைத்தால் திசையைக் கை நினைவில் வைத்துக்கொள்ளும்.

பெரும்பாலோர் தவறவிடுவது ஒன்று உண்டு. தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டில் பேசும் தமிழ் புத்தகத் தமிழ் அன்று. 'வந்துட்டாங்க' என்றே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு 'வந்துவிட்டார்கள்' பாதி அயல்மொழி. அதைக் கண்ணால் கூட்டிப் படிக்கும் முன் காதால் பலமுறை கேட்டிருக்க வேண்டும். நாள்தோறும் கால் மணி நேரம் உரக்க வாசித்துக் காட்டுங்கள். பிள்ளை வாசிக்கத் தொடங்கிய பிறகும் நிறுத்தாதீர்கள். மூன்று பாடங்களை ஒருமுறை வாசிப்பதைவிட ஒரே பாடத்தை மூன்றுமுறை வாசிக்கவைப்பது சரளத்தைத் தரும். சரளம் கூடக்கூட எழுத்துக்கூட்டும் உழைப்பு குறைந்து, பொருளைக் கவனிக்க மூளைக்கு இடம் கிடைக்கிறது.

மூன்றாம் வகுப்பிலும் பழகிய சொற்களைக் கூட்டிக் கூட்டியே படிக்கும் பிள்ளைக்குச் சோம்பேறிப் பட்டம் கட்டாமல், கண்ணையும் காதையும் சோதித்துவிட்டு, டிஸ்லெக்சியா (வாசிப்பைக் கடினமாக்கும் கற்றல் குறைபாடு) குறித்து வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்டுத் திரும்பும் பாட்டிக்கு எழுதப்படிக்கத் தெரியாது என்றால் அவரையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். வளர்ந்தபின் எழுத்தறிந்தவர்களின் மூளையிலும் அந்த இடப்பக்கப் பகுதி எழுத்துக்கு இசைவதை 2010-ல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. பேரப்பிள்ளையின் புத்தகமே அவருக்கும் போதும்.