ஒரே ஒரு தேர்தல் கண்ட தொகுதி: முல்லைத்தீவின் கதையை எழுதி வைப்பது எப்படி

முல்லைத்தீவுத் தேர்தல் தொகுதி தனக்கென்று ஓர் உறுப்பினரைத் தெரிவு செய்தது ஒரே ஒரு தடவைதான், 1977 யூலை 21 அன்று. அப்போது எனக்குப் பத்து வயது. முள்ளியவளையில் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றது நினைவிருக்கிறது. அந்த வரிசையில் நின்ற பலர் இன்று இல்லை. இருப்பவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். நான் இரண்டு வருடமாகச் செய்துவரும் முறையைச் சொல்கிறேன்.

முதலில் காலவரிசையைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 1977 வரை எங்கள் பகுதி வவுனியாத் தொகுதியோடு இருந்தது. 1947இல் அங்கே வென்றவர் சுயேச்சையாக நின்ற செ. சுந்தரலிங்கம். 1970இல் தமிழரசுக் கட்சியின் எக்ஸ். எம். செல்லத்தம்பு. 1977இல் முல்லைத்தீவு தனித் தொகுதியானதும் அவர் தமிழர் விடுதலைக் கூட்டணிக்காக இங்கே நின்று வென்றார். 1982 டிசம்பர் சர்வசன வாக்கெடுப்பு பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டியது. 1983இல் அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம், தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்று சத்தியப்பிரமாணம் செய்யச் சொன்னது. கூட்டணியினர் அதை ஏற்கவில்லை. ஒக்டோபரில் அவர்களுடைய ஆசனங்கள் பறிபோயின. 1989இல் விகிதாசார முறையில் தேர்தல் நடந்தபோது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்து வன்னித் தேர்தல் மாவட்டமாகிவிட்டன.

அப்புறம் மூத்தவர்களிடம் போங்கள். வருடத்தைக் கேட்காதீர்கள், சின்னத்தைக் கேளுங்கள். எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி, "வீட்டுக்குத்தான் மோனை போட்டனான்" என்றார். தமிழரசுக் கட்சியின் வீடு 1970இலும் இருந்தது, 2004இலும் திரும்ப வந்தது. நடுவில் 1977இல் கூட்டணியின் உதயசூரியன். ஆகவே, "சூரியனுக்கு முந்தின வீடோ, பிந்தின வீடோ ஆச்சி?" என்று கேட்டேன். கண்ணை மூடி யோசித்துவிட்டு, "செல்லத்தம்பர் நிண்ட வீடு" என்றார். சரி, 1970. அந்த ஒரு கேள்வியிலிருந்து அரை மணித்தியாலம் பேசினார்.

சின்னம் நினைவில்லாதவர்களிடம் 77 கலவரத்துக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். தேர்தல் முடிந்து ஒரு மாதத்துக்குள் தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. மலையகத்திலிருந்து குடும்பங்கள் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியதை அந்த வயதுக்காரர் மறப்பதில்லை.

தொகுதியின் எல்லையைப் பிடிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, எந்தப் பள்ளிக்கூடத்தில் வாக்குப் போட்டீர்கள் என்று கேட்டு ஒவ்வொன்றையும் வரைபடத்தில் புள்ளி வைப்பது. ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு, தண்ணீரூற்று என்று புள்ளிகள் சேரச் சேர உருவம் தானாக வரும். பிறகு வர்த்தமானியில் வந்த எல்லை நிர்ணய அறிவித்தலோடு ஒப்பிடுங்கள். இன்றைய மாவட்ட எல்லையை வைத்துத் தொடங்கக் கூடாது. தொகுதி வந்த பிறகுதான் முல்லைத்தீவு மாவட்டம் வந்தது. கிளிநொச்சியிலும் கவனம் தேவை. மண் வன்னி மண்தான், ஆனால் வாக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் எண்ணப்படுகிறது. பரந்தனில் இருக்கும் என் மாமா இதை ஒவ்வொரு தேர்தலிலும் சொல்லிக் கவலைப்படுவார்.

ஆட்கள் சொன்னதைப் பத்திரிகையோடு சரிபாருங்கள். "நூலகம்" (noolaham.org) இணையத்தளத்தில் பழைய ஈழநாடு இதழ்களைத் தேடலாம். 1977 யூலை கடைசி வாரத்திலிருந்து தொடங்குங்கள். பெயரை "முல்லைத்தீவு", "முல்லைத் தீவு" என்று இரண்டு விதமாகவும் தேட வேண்டும்.

ஐயா ட்ரங்குப் பெட்டியில் வைத்திருந்த 77 துண்டுப்பிரசுரங்கள் 2009இல் நாங்கள் இடம்பெயர்ந்த வழியில் போய்விட்டன. அதனால் எழுதுகிற ஒவ்வொரு பக்கத்தையும் அன்றிரவே கைபேசியில் படம் எடுத்து வவுனியாவிலுள்ள தங்கைக்கு அனுப்பிவிடுகிறேன். நீங்களும் ஒரு பிரதியை வேறு ஊரில் வையுங்கள்.