ஒரு மதிப்பு தொகுப்பில் உள்ளதா? பைத்தானில் சரிபார்க்கும் முறை

பயனர் சிங்கப்பூரின் ஒரு பெருவிரைவு ரயில் நிலையத்தின் பெயரைத் தட்டச்சு செய்தவுடன், அது வடக்கு கிழக்குத் தடத்தைச் சேர்ந்ததா என்று சொல்லும் சிறு நிரல் ஒன்றை எழுதுவோம். பைத்தான் நிரல்மொழியின் மூன்றாம் பதிப்பு மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர்களையும் ஏற்கும் என்பதால், முதலில் மூன்று நிலையங்களை மட்டும் ‘நிலையங்கள்’ என்ற மாறியில் பட்டியலிடுங்கள்.

நிலையங்கள் = ["சிராங்கூன்", "கோவன்", "பொங்கோல்"]

அடுத்து இவ்வாறு கேளுங்கள்.

"கோவன்" இன் நிலையங்கள்

இங்கே தமிழில் காட்டியுள்ள ‘இன்’ போன்ற கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சு செய்ய வேண்டும். விடை ‘ட்ரூ’ (உண்டு) என வரும்; வடக்கு தெற்குத் தடத்திலுள்ள "ஈசூன்" என்று கேட்டால் ‘ஃபால்ஸ்’ (இல்லை) வரும். பட்டியலை பைத்தான் முதலிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பதால், ஆயிரக்கணக்கான மதிப்புகளில் அடிக்கடித் தேட வேண்டியிருந்தால் சதுர அடைப்புக்குறிக்குப் பதிலாகச் சுருள் அடைப்புக்குறியிட்டு ‘செட்’ ஆக்கிக்கொள்ளுங்கள். மூன்று பெயர்களுக்கு அது தேவையில்லை.

தமிழில் நிரல் எழுதுவோர் மிகுந்த கவனம் செலுத்த வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது. என்னிடம் பயின்ற மாணவி ஒருவர் வேறொரு கோப்பிலிருந்து "பொங்கோல்" என்ற பெயரை நகலெடுத்து ஒட்டியபோது, திரையில் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே தெரிந்தும் விடை ‘ஃபால்ஸ்’ என்றே வந்தது. இரண்டின் நீளத்தையும் ‘லென்’ கொண்டு அளந்தோம். ஒன்று 8, மற்றொன்று 10. எழுத்துகளுக்குக் கணினியில் குறியீட்டு எண் தரும் யூனிகோடில் ‘பொ’ என்பதை ‘ப’வும் ஒரே குறியீடான ஒகரக் குறியும் சேர்த்து எழுதலாம், அல்லது ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக இட்டும் எழுதலாம். ‘கோ’வுக்கும் இதே நிலைதான். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும், குறியீடுகளை ஒப்பிடும் பைத்தானுக்கு அவை வெவ்வேறு சொற்கள்.

ஆகவே, கேட்பதற்கு முன் உள்ளீட்டை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்.

ஃப்ரம் யூனிகோட்டேட்டா இம்போர்ட் நார்மலைஸ்
பெயர் = நார்மலைஸ்("என்எஃப்சி", இன்புட்().ஸ்ட்ரிப்())
பிரிண்ட்(பெயர் இன் நிலையங்கள்)

‘ஸ்ட்ரிப்’ முன்னும் பின்னும் உள்ள வெற்றிடங்களை நீக்குகிறது. ‘நார்மலைஸ்’ பிரிந்த குறிகளை ஒன்றாக்குகிறது; ‘என்எஃப்சி’ என்பது அப்படி ஒன்றாக்கும் யூனிகோட் வடிவத்தின் பெயர், அதையும் ஆங்கில எழுத்துகளிலேயே இடுங்கள். பட்டியலிலுள்ள பெயர்களையும் இதே வழியில் ஒருமுறை மாற்றிவிடுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் சீராக்கினால் பழைய பிழை அப்படியே நிற்கும். மாற்றிய பின் இரு பெயர்களின் நீளத்தையும் மீண்டும் அளந்து பாருங்கள். இரண்டும் 8 எனக் காட்ட வேண்டும்.