எடிட்டரை பென் டிரைவில் கொடுக்கும்போது விடும் தவறுகள்

எங்கட கிளிநொச்சிப் பெடியள் சிலர் கணினியில் எழுத்துகளைத் தட்டித் திருத்த உதவும் நானோ எடிட்டரின் மெனுவைத் தமிழில் மாற்றி, பென் டிரைவில் போட்டுக் கூட்டாளிகளுக்குக் கொடுக்கிறார்கள். பார்க்கவே சந்தோசமாக இருக்கிறது. ஆனால் திறந்து பார்த்தால் ஓடும் கோப்பு மட்டும்தான் கிடக்கும், மூல நிரல் (ஆட்கள் வாசித்து மாற்றக்கூடியதாக எழுதிய நிரல்) இல்லை, உரிமக் கோப்பையும் தேவையில்லாத சாமான் என்று அழித்திருப்பார்கள்.

இதுதான் பெரிய தவறு. நானோ ஜிபிஎல் 3 என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வருவது. மாற்றிக் கொடுக்கலாம், யாரிடமும் கேட்கத் தேவையில்லை. ஆனால் மூல நிரலும் உரிமமும் வாங்குபவருக்குக் கிடைக்க வேண்டும், நீங்கள் மாற்றியதையும் மாற்றிய திகதியையும் குறிப்பிட வேண்டும். நானோ பிறந்ததே உரிமச் சிக்கலால்தான்: பைக்கோ என்ற எடிட்டரின் உரிமம் போதிய சுதந்திரம் தராததால்தான் 1999இல் அதற்கு மாற்றாக இதை எழுதத் தொடங்கினார்கள். அப்படி வந்த ஒன்றை நாங்களே பூட்டிக் கொடுப்பது சரியில்லை.

மூல நிரலுக்கு இணைய முகவரி கொடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். எழுத்தில் உறுதி கொடுத்து அப்படிச் செய்ய உரிமத்தில் வழி இருக்கிறது. ஆனாலும் முல்லைத்தீவுப் பக்கம் சிக்னல் ஒழுங்காக இல்லாத உட்கிராமத்தில் இருக்கிற பிள்ளை அதை எப்படி இறக்கும்? சில எம்பிதான், அதே பென் டிரைவில் போட்டுவிடுங்கள். அப்புறம், 64 பிட் கணினியில் கம்பைல் செய்தது (மூல நிரலை ஓடும் கோப்பாக மாற்றியது) 32 பிட் இயங்குதளம் உள்ள பழைய பாடசாலைக் கணினியில் ஓடாது, மூல நிரல் கையில் இருந்தால் அங்கேயே கம்பைல் செய்யலாம்.

கட்டற்றது என்றால் காசு வாங்கக் கூடாது என்று நினைப்பதும் பிழை. ஜிபிஎல் உரிமத்தை எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மனே 1985இல் ஈமாக்ஸ் என்ற தன் எடிட்டரைப் பதிந்த டேப்பை 150 டொலருக்கு விற்றார். பென் டிரைவுக்கும் உழைப்புக்கும் தாராளமாக வாங்குங்கள்.

எழுத்துப் பக்கம் வந்தால், தமிழை ஆங்கிலம் போல எண்ணி நிரல் எழுதுவதுதான் அதிகம் நடக்கிற தவறு. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறையான யுனிகோட்டில் 'கொ' என்பதை க, ொ என்று இரண்டு குறியாகவும் எழுதலாம், க, ெ, ா என்று மூன்றாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நீங்கள் தேடல் வசதியைத் திருத்தும்போது இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால், கோப்பில் கண்முன்னே இருக்கும் 'கொக்கிளாய்' என்ற ஊர்ப் பெயரைத் தேடினாலும் 'இல்லை' என்று வரும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய கோப்புகள் எடிட்டரில் வெறும் ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும், அது எடிட்டரின் கோளாறு இல்லை, முதலில் யுனிகோட்டுக்கு மாற்ற வேண்டும்.

திருத்தியதை உங்களுடனேயே வைத்திருக்கவும் வேண்டாம். நானோவை உருவாக்குபவர்களுக்கு அனுப்புங்கள். இல்லாவிட்டால் அடுத்த பதிப்பு வரும்போது அத்தனையையும் முதலிலிருந்து செய்ய வேண்டிவரும்.