கடையில கரப்பான், எலி தொல்லையா? மருந்து வாங்குறதுக்கு முன்னாடி டார்ச் எடுங்க

டிபன் கடையோ மெஸ்ஸோ வச்சிருக்கவங்க ஒருநாள் ராத்திரி கடைய சாத்தி லைட்ட எல்லாம் அணைச்சுட்டு, ஒரு மணி நேரம் கழிச்சு டார்ச்சோட உள்ள போய்ப் பாருங்க. பகல்ல ஒண்ணு கூட கண்ணுல படாத கரப்பான் எங்கருந்து கிளம்பி எங்க ஓடுதுன்னு அப்பதான் தெரியும். நான் முதல் தடவை பாத்தப்போ கிரைண்டருக்குப் பின்னாடி, மோட்டார் சூட்டுல, காஞ்சு ஒட்டிக்கிடந்த மாவு மேல ஒரு கூட்டமே உக்காந்திருந்துச்சு. அன்னிக்கு எனக்கு சாப்பாடே இறங்கல.

உடனே ஸ்ப்ரே வாங்கி அடிச்சேன், அதுதான் தப்பு. கிச்சன்ல வர்ற சின்ன கரப்பான் முட்டைய தனித்தனியா போடாது, பழுப்பு கலர்ல ஒரு கூட்டுக்குள்ள 30, 40 முட்டைய வச்சு பின்பக்கத்துலயே தூக்கிட்டுத் திரியும். ஸ்ப்ரே அந்தக் கூட்டுக்குள்ள போகாது, பெருசு செத்தாலும் கொஞ்ச நாள்ல குஞ்சு வந்து நிக்கும். அதுக்கு கரப்பான் தின்னு சாகுற ஜெல் மருந்துதான் சரி. மிளகு சைஸ்ல சின்னச் சின்ன புள்ளியா, கதவுக் கீல், பிரிட்ஜ் பின்பக்கம், மேசைக்கு அடியில, இந்த மாதிரி இடுக்குல வைங்க, சாப்பாடு படுற இடத்துல வேணாம். ஜெல் வச்ச பக்கம் ஸ்ப்ரே அடிச்சீங்கன்னா கரப்பான் கிட்டயே வராது, காசு தண்டம்.

ஆனா ஜெல்ல விட முக்கியம் தண்ணி. சோறு இல்லாம கூட அது பல நாள் தாங்கும், தண்ணி இல்லாம ரெண்டு வாரம் தாண்டுறது கஷ்டம். அதனால சாத்தும்போது சிங்க்க துடைச்சு காய விடுங்க, ஈரத்துணிய வெளிய காயப் போடுங்க, சொட்டுற பைப்ப சரி பண்ணுங்க, தண்ணி போற தரை ஜாலிய மூடுங்க. மாஸ்டர் முனகுவாரு, முனகட்டும்.

அப்புறம் அட்டைப்பெட்டி. சரக்கு வர்ற பெட்டியோட மடிப்புக்குள்ளதான் கரப்பான் சவாரி பண்ணி வருது. வாசல்லயே பிரிச்சு சரக்க மட்டும் உள்ள எடுங்க, பெட்டிய "எதுக்காவது ஆகும்"னு பரண்ல அடுக்காதீங்க.

எலிக்கு ஓட்டைய அடைக்கிறதுதான் வழி. சுண்டெலிக்கு பென்சில் நுழையிற ஓட்டை போதும். இரும்பு நாரு திணிச்சு அது மேல சிமெண்ட் பூசுங்க, வெறும் துணியோ தெர்மாகோலோ வச்சா ஒரே ராத்திரில கடிச்சுடும். ஷட்டருக்கு அடியில வெளிச்சம் தெரியுதான்னு குனிஞ்சு பாருங்க, தெரிஞ்சா ரப்பர் பட்டை போடணும். கிச்சனுக்குள்ள எலி மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம், எங்கயாவது சந்துல செத்து நாறும், சாப்பாட்டுல கலந்தா கடை காலி. கூண்டு வைங்க.

அரிசி மூட்டைய தரையில போடாம பலகை மேல, சுவத்த விட்டு ஒரு சாண் தள்ளி வைங்க, பின்னாடி கை நுழைஞ்சாதான் பெருக்க முடியும். வண்டு அரிசிக்குள்ளயே முட்டை வைக்கும், சலிச்சாலும் முழுசா போகாது, அதனால பழைய மூட்டைய முதல்ல காலி பண்ணுங்க, பழசு மேல புதுச கொட்டாதீங்க.

பெஸ்ட் கண்ட்ரோல் ஆளு வந்தா என்ன மருந்து, எங்க வச்சாருன்னு பில்லோட எழுதி வாங்கி ஃபைல்ல போடுங்க. எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதிகள்ல நாலாவது அட்டவணையிலயே பூச்சி கட்டுப்பாடு வருது, ஆபீசர் வந்து நிக்கும்போது ஃபைல தேடிட்டிருக்காதீங்க, கல்லாவுக்குக் கீழேயே வச்சுக்கங்க.