ஊட்டியில் ஏற்றிய பூஸ்ட் கல்லாறில் எஞ்சினை உடைக்கும்: பழைய டர்போ கார் புதுப்பிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆக்டேவியா ஆர்.எஸ். மறுபடியும் நீலகிரிக்கு ஏறி வருகிறது. 2004-இல் ஸ்கோடா இங்கே விற்ற கார். 1.8 லிட்டர், 20 வால்வு, டர்போ, 150 குதிரைசக்தி. பெட்ரோல் வண்டியில் டர்போ என்பதே நம் ஊர் ஷோரூம்களில் புதிதாக இருந்த காலம் அது. அன்றைக்கு ஸ்கூல் யூனிஃபார்மில் நின்று அதை வேடிக்கை பார்த்த பையன்கள் இன்று சம்பாதிக்கிறார்கள். கோவையிலும் பெங்களூரிலும் மூடிப் போட்டுக் கிடக்கும் வண்டிகளைத் தேடிப் பிடித்து வாங்கி, குன்னூர், கோத்தகிரி, வெலிங்டன் பக்கம் ஷெட்டில் நிறுத்தி வேலை பார்க்கிறார்கள். எனக்கு இதில் உண்மையான சந்தோஷம். ஆனால் நாங்கள் பணத்தைக் கொட்டித் தெரிந்துகொண்ட அதே தவறுகளை, கிட்டத்தட்ட அதே வரிசையில், அவர்களும் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

ஆயிலை நேரத்துக்கு மாற்றுங்கள், போலி ஸ்பேர் வாங்காதீர்கள் என்பதெல்லாம் யாரும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

பெயிண்ட்டில் ஆரம்பிப்பது

பையில் இருக்கும் பணத்தில் பாதி டிங்கரிங்குக்கும் பெயிண்ட்டுக்கும் போய்விடும். அப்புறம் எஞ்சினைத் திறந்தால் கையில் காசு இருக்காது. முதல் செலவு ஆயில் சம்ப்பை, அதாவது எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தட்டை, கழற்றுவதாக இருக்கட்டும். இந்த எஞ்சினில் ஆயில் கசடாகி, பம்ப்புக்கு ஆயில் இழுக்கும் குழாயின் வலையில் போய் அடைத்துக்கொள்ளும். ஆயில் அழுத்தம் குறைந்தால் முதலில் போவது டர்போவின் பேரிங். வலையைக் கண்ணால் பார்க்காமல் புது டர்போ வாங்கிப் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

டைமிங் பெல்ட்

பழைய ஓனர் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும் எஞ்சின் இது. வாட்டர் பம்ப்பையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பூஸ்ட்டை முதலில் ஏற்றுவது

டர்போ எஞ்சினுக்குள் அமுக்கித் தள்ளும் கூடுதல் காற்றழுத்தம்தான் பூஸ்ட். இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிற விஷயம்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு பையன். கோவையில் நல்ல வண்டியாகப் பார்த்து வாங்கினான். உள் அலங்காரம், சஸ்பென்ஷன், பெயிண்ட் எல்லாம் அவ்வளவு பொறுமையாகச் செய்தான். கடைசியில் யாரோ ஒருவர் பேச்சைக் கேட்டுக் கையால் திருகும் பூஸ்ட் கன்ட்ரோலர் ஒன்றை மாட்டினான். எஞ்சினில் இருக்கும் கம்ப்யூட்டர் அதிக அழுத்தத்தைப் பார்த்ததும் சக்தியைக் குறைத்தது. அதுதான் அதன் வேலை. உடனே அதே ஆள் அழுத்த சென்சாரை ஏமாற்றும் ஒரு சின்ன சர்க்கியூட்டையும் விற்றுவிட்டார். “மலையில காத்து கம்மி தம்பி, பூஸ்ட் கூட வெச்சாத்தான் ஈடு கட்டும்” என்பது அவர் கொடுத்த விளக்கம்.

டிசம்பர் குளிரில், ஊட்டியிலிருந்து தலைக்குந்தா போகும் ரோட்டில் ஓட்டிப் பார்த்துக் கேஜில் ஒரு பார் வருமாறு திருகி வைத்தான். கம்பெனி வைத்தது சுமார் அரை பார். வண்டி பறந்தது. குளிர்காலம் முழுக்க ஒன்றும் ஆகவில்லை.

ஏப்ரலில் நண்பர்களை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கினான். திரும்பும்போது நல்ல வெயில், ஏ.சி. ஓடுகிறது, வண்டியில் ஆட்கள் நிறைந்திருக்கிறார்கள். கல்லாறு தாண்டி ஏற்றத்தில் ஒரு பஸ்ஸை முந்த மிதித்திருக்கிறான். பர்லியார் வருவதற்குள் பின்னால் நீலப்புகை. என்னிடம் கட்டி இழுத்து வந்தபோது ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் ஏறக்குறைய இல்லை. ஸ்பார்க் பிளக்கின் பீங்கானில் வெள்ளிப் பொடி மாதிரி அலுமினியத் துகள்கள். பிஸ்டனிலிருந்து தெறித்தவை. பிஸ்டனை வெளியே எடுத்தால், ரிங் உட்காரும் பள்ளங்களுக்கு நடுவில் இருக்கும் விளிம்பு உடைந்து கிடந்தது.

“அண்ணா, கேஜ்ல ஒரு பாருக்கு மேல போகவே இல்லைங்ணா” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் சொன்னது நிஜம். அந்த நிஜத்தை அவனுக்கு யாரும் விளக்கவில்லை என்பதில்தான் என் கோபம்.

டேஷ்போர்டில் மாட்டும் பூஸ்ட் கேஜ், வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு அழுத்தம் என்பதை மட்டும் காட்டும். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தமே ஏறக்குறைய 0.77 பார்தான். மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம், அங்கே 0.97 பார் பக்கம் இருக்கும். ஆக, கேஜ் முள் ஒரு பாரில் நிற்கும்போது எஞ்சினுக்குள் நுழையும் மொத்த அழுத்தம் மேலே 1.77, கீழே 1.97. ஊட்டிக் குளிரில் தாங்கிய பிஸ்டன், கீழே 0.2 பார் கூடுதல் அழுத்தத்தையும் கொதிக்கிற காற்றையும் சேர்த்துத் தாங்க வேண்டும்.

சரி, அப்படியானால் ஊட்டியிலேயே ஓட்டிக்கொண்டால் பாதகமில்லையே என்று கேட்பீர்கள். அங்கே அடி வேறொரு இடத்தில் விழுகிறது. மேட்டுப்பாளையத்தில் டர்போ காற்றைச் சுமார் 2 மடங்கு அழுத்தினால் போதும். ஊட்டியில் அதே முள்ளைக் காட்ட 2.3 மடங்கு அழுத்த வேண்டும். இந்த வண்டியில் இருக்கும் கே03 சின்ன டர்போ. அந்த அளவுக்கு அழுத்த அது தன் வரம்புக்கு மேல் சுழல வேண்டியிருக்கும். வெளியே 12 டிகிரி குளிர் இருந்தாலும் டர்போவைவிட்டு வரும் காற்று 100 டிகிரியைத் தாண்டிவிடும். முள் ஒன்றுதான், ஆனால் மேலே டர்போ சாகிறது, கீழே பிஸ்டன் சாகிறது.

இதில் கல்லாறு முதல் குன்னூர் வரையான ஏற்றம் தனி ரகம். 14 கொண்டை ஊசி வளைவுகள், இரண்டாவது கியர், எஞ்சினில் முழுப் பாரம், வேகமோ 30 கிலோமீட்டர். டர்போவைவிட்டு வரும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர், ஆக்டேவியாவில் முன் சக்கர வளைவுக்குள், பம்பருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சின்னப் பெட்டி. அந்த வேகத்தில் அதற்குள் போகும் காற்று எதற்கும் பத்தாது. இரண்டு மூன்று முறை அழுத்தி மிதித்ததும் இன்டர்கூலர் தானே சூடாகி நின்றுவிடும். அதற்குப் பிறகு சிலிண்டருக்குப் போவது வெந்த காற்று. நாக்கிங், அதாவது சிலிண்டரில் கலவை நேரம் தப்பி வெடிப்பது, தொடங்கும். பெரிய எக்ஸாஸ்ட் சத்தத்தில் அது காதில் விழாது.

இந்த வண்டிக்குக் கம்பெனி எழுதிய நிரல் இதையெல்லாம் யோசித்தே எழுதப்பட்டது. அது கேஜ் மாதிரி மிச்சத்தைப் பார்ப்பதில்லை, மொத்த அழுத்தத்தைப் பார்த்துப் பூஸ்ட் வைக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தத்தையும் அளக்கிறது. உயரம் ஏறும்போது டர்போவைக் காப்பாற்றவும், நாக்கிங் கேட்டால் ஸ்பார்க் டைமிங்கைப் பின்னால் தள்ளவும் அதற்குத் தெரியும். கையால் திருகும் ஒரு பித்தளை வால்வை மாட்டி, சென்சாரையும் ஏமாற்றினால், மலையையும் சமவெளியையும் பிரித்தறிந்த ஒரே ஆளின் கண்ணைக் கட்டிவிட்டோம் என்று அர்த்தம்.

நீங்களே பார்க்க ஒரு வழி இருக்கிறது. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் விசிடிஎஸ் மென்பொருளை லேப்டாப்பில் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி, மெஷரிங் பிளாக் 115-ஐத் திறங்கள். அழுத்தம் மில்லிபாரில் தெரியும். ஊட்டியில் 770 சுற்றுவட்டாரம் காட்டும், மேட்டுப்பாளையத்தில் அதே வண்டி 970 பக்கம் காட்டும். ஓட்டும்போது கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் இதே பிளாக்கில் வரும். 020-இல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் டைமிங் எத்தனை டிகிரி பின்னால் தள்ளப்படுகிறது என்று தெரியும். சக்தி கூட்டிய எந்த வண்டியாக இருந்தாலும், நண்பர் ஒருவரை லேப்டாப்போடு பக்கத்தில் உட்காரவைத்து, கல்லாறு ஏற்றத்தில் ஒரு தடவை, ஊட்டியில் ஒரு தடவை இந்த இரண்டையும் பதிவு செய்யாமல் வேலை முடிந்தது என்று சொல்லாதீர்கள். கோவையில் சக்தியை அளக்கும் டைனோ ரோலர் மேல் ஓட்டி வாங்கிய பேப்பர் கோவைக்கு மட்டும்தான் பொருந்தும்.

பெட்ரோல் விஷயம் இதோடு ஒட்டியது. இணையத்தில் சுற்றும் டியூன் ஃபைல்களில் பல ஐரோப்பாவின் 98 ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதியவை; ஆக்டேன் கூடினால் நாக்கிங்கைத் தாங்கும். நம் பங்கில் கிடைப்பது அதுவல்ல. போதாததற்கு இப்போது 20 சதவீதம் எத்தனால். எத்தனால் கலந்தால் அதே காற்றுக்கு 7, 8 சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். பழைய இன்ஜெக்டரும் பழைய பம்ப்பும் ஏற்கெனவே எல்லையில் நின்றால் அந்தக் கூடுதல் எங்கிருந்து வரும்? பழைய ரப்பர் ஹோஸ்களும் எத்தனாலில் ஊறி வெடிப்பு விடும். டேங்கிலிருந்து எஞ்சின் வரை அத்தனையையும் மாற்றிவிடுங்கள்.

பூஸ்ட்டை ஏற்ற ஆசை தவறில்லை. எனக்கும் பிடிக்கும். முதலில் நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் பாருங்கள். டர்போ முதல் த்ராட்டில் வரை இரு பக்கமும் மூடி, கம்ப்ரசரால் லேசாகக் காற்றேற்றி, சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். 20 வருஷ ஹோஸ்கள் எங்கெங்கே கசிகின்றன என்பது நுரையில் தெரியும். பாதிப் பேருக்கு “வண்டியில் இழுவை இல்லை” என்ற புகார் அங்கேயே தீர்ந்துவிடும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுத்ததும் மிச்ச பூஸ்ட்டைத் திருப்பி உள்ளேயே விடும் டைவர்ட்டர் வால்வின் ரப்பர் கிழிந்திருக்கும், அதை மாற்றுங்கள். அப்புறம் இன்டர்கூலரை முன்னால் பெரிதாகப் போடுங்கள். எரிபொருள் பம்ப்பையும் இன்ஜெக்டர்களையும் சோதியுங்கள். கலவையைக் காட்டும் வைட்பேண்ட் கேஜ் மாட்டுங்கள். இவ்வளவும் முடித்த பிறகு, மொத்த அழுத்தத்தை வைத்து வேலை செய்கிற கம்பெனி முறையைக் கலைக்காமல், கம்ப்யூட்டரின் நிரலை அளவாக மாற்றுகிறவரிடம் போங்கள். இந்த எஞ்சினின் கனெக்டிங் ராடுகள் மெலிந்தவை. டார்க்கைக் குறைந்த ஆர்.பி.எம்.மிலேயே முரட்டுத்தனமாக ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அந்தப் பையனின் வண்டிக்குப் பிஸ்டன் வரவழைத்து, கோவையில் போரிங் செய்து, மறுபடி ஓட்டுவதற்குள் மழைக்காலம் முடிந்துவிட்டது. வண்டி வாங்கிய விலையில் பாதிக்கு மேல் செலவு. சர்க்கியூட் விற்றவர் போனை எடுக்கவில்லை.

புளோ ஆஃப் வால்வு

டைவர்ட்டருக்குப் பதிலாக மாட்டும் இது, மிச்ச பூஸ்ட்டை வெளியே விடும். சென்சார் அளந்துவிட்ட காற்றை வெளியே துப்பினால் கலவையில் பெட்ரோல் கூடிப்போகும். வேண்டாம்.

ஏறியவுடன் எஞ்சினை அணைப்பது

மலை ஏறி வந்து, குன்னூரில் டீக்கு நிறுத்தி, சட்டென்று சாவியைத் திருப்புகிறார்கள். டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் மெல்லிய குழாய் எக்ஸாஸ்ட் சூட்டுக்குப் பக்கத்தில் போகிறது. ஓட்டம் நின்றதும் உள்ளே தேங்கும் ஆயில் கருகிக் கரியாக ஒட்டும். கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் மெதுவாக வாருங்கள், நிறுத்தி ஒரு நிமிஷம் ஐடிலில் விடுங்கள். காலையில் இதற்கு நேர் எதிர் கவனம் வேண்டும். ஜனவரி உறைபனியில் ஆயில் கெட்டியாக இருக்கும்போது முதல் சில கிலோமீட்டருக்கு டர்போவை எழுப்பாமல் ஓட்டுங்கள்.

பிரேக்கைக் கடைசிக்கு வைப்பது

சக்தி கூட்டிய வண்டியைப் பழைய பிரேக் ஆயிலோடு, ஊட்டியிலிருந்து மசினகுடிக்குப் போகும் கல்லட்டிப் பாதையில் இறக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். 36 கொண்டை ஊசி வளைவுகள், சரிவும் அதிகம். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்துவிட்டால் அந்த அளவு 155 வரை இறங்கிவிடலாம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், நம் மலையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. கொதித்த ஆயிலில் குமிழி வந்தால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. எஞ்சினின் சக்தியைக் கூட்டுவதற்கு முன்பே நான்கு டிஸ்க், பேட், ரப்பர் ஹோஸ், ஆயில் எல்லாவற்றையும் புதிதாக்குங்கள். ஆயிலை வருஷா வருஷம் மாற்றுங்கள். இறக்கத்தில் இரண்டாவது கியர். பெரிய அலாய் வீல் போட்டு உள்ளே அதே தேய்ந்த டிஸ்க்கை விட்டுவைப்பது எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வேகம் பார்க்க வேண்டுமென்றால் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. மலைப்பாதையில் வளைவுக்கு அந்தப் பக்கம் தேயிலைக்காரப் பெண்களும் காட்டெருமையும் நிற்கலாம்.

ஆர்.சி.

15 வருஷம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) வாங்கி ஆர்.சி.யைப் புதுப்பித்தால் 5 வருஷம். 2004 மாடல் என்றால் இரண்டாவது தடவையும் வந்துவிட்டது. வாங்கும் முன் தேதியைப் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவையும் படித்துவிட்டு மாற்றங்களை முடிவு செய்யுங்கள்.

இலையைக் கவனிக்காமல் விடுவது

சமவெளிக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் இது வராது. இந்த வண்டியின் கம்ப்யூட்டர், முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்கு அடியில் மழைநீர் விழும் தொட்டிக்குள்தான் இருக்கிறது. தண்ணீர் வெளியேற ஓரத்தில் ஓட்டைகள் உண்டு. சில்வர் ஓக், யூகலிப்டஸ் மரத்தடியில் நிறுத்தினால் இலையும் சருகும் அங்கே அடைத்துக்கொள்ளும். ஜூன் மழை ஒன்றிரண்டு வாரம் விடாமல் பெய்தால் தொட்டி நிரம்பி, முதலில் கால்மிதி நனையும், பிறகு கம்ப்யூட்டரின் கனெக்டரில் பச்சை பூக்கும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் என்றால் ஐப்பசி மழையிலும் இதே கதை. மே மாதக் கடைசியில் ஒரு தடவை, புரட்டாசி முடிவில் ஒரு தடவை அந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, கையைவிட்டுச் சருகை அள்ளி, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சக்கரத்துக்குப் பின்னால் தண்ணீர் உடனே கொட்ட வேண்டும். தேங்கி நின்றால் ஓட்டையின் ரப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுங்கள்.